வெள்ளை நாய் ஏன் சாம்பலாக வருகிறது?

மதி: (படம்)

மதி: சித்தப்பா இதைப் பாருங்கள். வெள்ளை நாய், வெள்ளைப் போர்வை, வராந்தாவில் நல்ல வெளிச்சம். ஆனால் படத்தில் இரண்டுமே அழுக்குத் துணி மாதிரி இருக்கின்றன. புது கேமராவிலேயே ஏதாவது கோளாறா?

கவின்: முதலில் குளிப்பாட்டிவிட்டு எடு

வாசு சித்தப்பா: கோளாறு இல்லை மதி. படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பு. இப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது, எந்த செட்டிங்கில் எடுத்தாய் என்ற விவரமும் போய்விடுகிறது.

மதி: அனுப்பிவிட்டேன்

வாசு சித்தப்பா: பார்த்தேன். அப்பர்ச்சர் பிரயாரிட்டி (லென்ஸ் துவாரத்தை நீ வைக்கிறாய், ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கிறது), துவாரம் எஃப் 4, ஷட்டர் 1/500 நொடி, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 400, கேமரா போட்ட கணக்கை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் 0. நினைத்தபடியேதான். கேமராவில் இருக்கும் மீட்டருக்கு நாய் எது போர்வை எது என்று தெரியாது, லென்ஸ் வழியாக எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதுதான் தெரியும். எந்தக் காட்சியாக இருந்தாலும் மொத்தமாகப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் அளவுக்குத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. நீ ஃபிரேம் முழுக்க வெள்ளையைக் காட்டினாய், வெளிச்சம் ரொம்ப அதிகம் என்று முடிவு கட்டிக் குறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

மதி: அப்படியானால் கருப்புப் பூனையை எடுத்தால்?

வாசு சித்தப்பா: அதுவும் சாம்பல் பூனைதான். இருட்டு என்று நினைத்துக் கூட்டிவிடும்.

செல்வி அத்தை: இத்தனை பெரிய கேமராவுக்கு வெள்ளை எது கருப்பு எது என்று தெரியாதாடா வாசு? என் ஃபோனில் நன்றாகத்தானே வருகிறது.

வாசு சித்தப்பா: ஃபோன் கண் மூடித் திறப்பதற்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது அக்கா, அந்த வேலை வேறு. கேமராவும் சும்மா இருக்கவில்லை. நிகான் 1983-இல் எஃப்ஏ என்ற கேமராவில் ஃபிரேமை 5 பகுதியாகப் பிரித்து அளக்க ஆரம்பித்தது, இன்றைக்கு முகத்தைக் கூட அடையாளம் கண்டு அளக்கிறார்கள். ஆனாலும் ஃபிரேம் முழுக்க ஒரே நிறம் என்றால் இப்போதும் தடுமாறும்.

மதி: சரி, நான் என்ன செய்ய வேண்டும்?

வாசு சித்தப்பா: ஷட்டர் பட்டன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் இருக்கிறதா பார். அதை அழுத்திக்கொண்டு டயலைத் திருப்பு, சில கேமராவில் அதற்கென்றே தனி டயல் இருக்கும். ஒரு கிளிக் என்பது ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதனால்தான் 0.3, 0.7, 1 என்று போகும். +1 என்றால் ஒரு ஸ்டாப் கூட்டல், வெளிச்சம் இரண்டு மடங்கு, -1 என்றால் பாதி. வெள்ளைக்குக் கூட்ட வேண்டும், கருப்புக்குக் குறைக்க வேண்டும்.

மதி: ஏற்கெனவே வெள்ளையாக இருப்பதற்கு ஏன் கூட்ட வேண்டும்? தலைகீழாக இருக்கிறதே

வாசு சித்தப்பா: எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். மீட்டர் தப்பாகக் குறைத்ததை நீ திருப்பிக் கொடுக்கிறாய், அப்படி வைத்துக்கொள்.

கவின்: இவ்வளவு எதற்கு மாமா, பேசாமல் எம் மோடுக்கு, அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவலுக்குப் போகச் சொல்லுங்கள். மேனுவலில் இந்தத் தொல்லையே கிடையாது.

வாசு சித்தப்பா: மேனுவலில் நீ எதைப் பார்த்து ஷட்டர் வைக்கிறாய் கவின்?

கவின்: கீழே ஒரு கோடு இருக்குமே, ஊசி நடுவில் 0-க்கு வந்ததும் எடுப்பேன்

வாசு சித்தப்பா: அந்த ஊசியை ஆட்டுவதும் அதே மீட்டர்தான். நீ கையால் 0-இல் கொண்டுபோய் வைத்தால் கையால் எடுத்த சாம்பல் நாய் கிடைக்கும். மேனுவலில் போனாலும் ஊசியை +1-க்கோ +1.3-க்கோ தள்ளி வைக்க வேண்டும். இன்னொன்று, ஐஎஸ்ஓவையும் நீயே பூட்டி வைத்திருந்தால் அங்கே காம்பன்சேஷன் பட்டனால் படம் மாறாது, ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் பல கேமராக்களில் வேலை செய்யும்.

கவின்: ம்ம். ஆனால் ரா (RAW) என்ற மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுத்துக் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாமே, எதற்கு அங்கேயே நின்று டயல் திருப்ப வேண்டும்

வாசு சித்தப்பா: ஒரு ஸ்டாப் ஏற்றலாம், பெரிதாக ஒன்றும் கெடாது. ரொம்ப ஏற்றினால் நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான பிசிறு) கிளம்பும். கூடிப்போனதுதான் ஆபத்து, ஒரு இடம் முழுக்க வெளுத்துவிட்டால் அங்கே தகவலே இல்லை, ராவாக இருந்தாலும் எதை மீட்பது? டயலைத் திருப்ப ஒரு நொடி, ஒவ்வொரு படமாகக் கம்ப்யூட்டரில் இழுக்க ஒரு சாயங்காலம். உன் இஷ்டம்.

மதி: (படம்)
மதி: +2 வைத்தேன். நாய் பளிச்சென்று இருக்கிறது ஆனால் முதுகு ரோமம் தெரியவில்லை

வாசு சித்தப்பா: அதிகம். ஹைலைட் வார்னிங்கைப் போட்டுக்கொள், அப்புறம் எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வெளுத்துப் போன இடம் கறுப்பு வெள்ளையாக மினுக்கும். ஹிஸ்டோகிராமையும் பார், இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம் என்று படத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் அது. வெள்ளை நாய்க்கு மேடு வலது பக்கம் ஒதுங்கி இருப்பதுதான் சரி, ஆனால் வலது சுவரில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதை நம்பாதே, வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், இரவில் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

வாசு சித்தப்பா: ராவில் எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் உள்ளே இருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போட்டதுதான். அதனால் ஓரத்தில் லேசாக மினுக்கினால் பதறாதே, ராவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

மதி: +1.3 சரியாக வந்துவிட்டது! ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஆனால் வாலை ஆட்டினால் அது மட்டும் கலங்குகிறது, முன்பு அப்படி இல்லை.

வாசு சித்தப்பா: ஷட்டர் எவ்வளவு காட்டுகிறது?

மதி: 1/200

வாசு சித்தப்பா: இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காம்பன்சேஷன் புதிதாக வெளிச்சம் உண்டாக்காது, எங்கிருந்தாவது எடுத்துத்தான் கொடுக்கும். அப்பர்ச்சரை நீ 4-இல் பிடித்து வைத்திருக்கிறாய், அதனால் ஷட்டரை மெதுவாக்கிவிட்டது, 1/500 போய் 1/200. ஐஎஸ்ஓவை 800 ஆக்கு, ஷட்டர் 1/400 ஆகிவிடும். ஷட்டரை நீ பிடித்து வைக்கும் ஷட்டர் பிரயாரிட்டியில் இருந்தால் அப்பர்ச்சரைத் திறக்கும், அதில்தான் ஒரு சிக்கல். லென்ஸ் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தால் மேற்கொண்டு திறக்க ஒன்றும் இல்லை, எண் மினுக்கும், நீ +3 வைத்தாலும் படம் அதே இருட்டில்தான் வரும்.

செல்வி அத்தை: ஜன்னல் முன்னால் உட்கார்ந்தால் முகம் கறுத்து வருகிறதே, அதுவும் இதே கதையா?

வாசு சித்தப்பா: அதேதான் அக்கா. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் குறைத்துவிடுகிறது. உங்கள் ஃபோனிலும் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மேலே இழுங்கள்.

செல்வி அத்தை: இழுத்தேன். முகம் தெரிகிறது. வெளியே இருந்த மரத்தைக் காணோம்.

வாசு சித்தப்பா: மரத்தை விடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் ஃபிளாஷ் போட வேண்டும், இல்லை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும், அதுதான் எனக்குப் பிடித்த வழி.

மதி: வேலை முடிந்ததும் 0-க்கு நானே கொண்டுவர வேண்டுமா, அணைத்தால் தானாகப் போய்விடுமா?

வாசு சித்தப்பா: பெரும்பாலான கேமராக்களில் அணைத்தாலும் அப்படியே இருக்கும். கேமராவைப் பைக்குள் வைக்கும்போதே 0-க்குத் திருப்பிவிடு. வியூஃபைண்டரின் ஓரத்தில் கூட்டல் கழித்தல் குறி தெரிந்தால் இன்னும் 0-க்கு வரவில்லை என்று அர்த்தம்.

கவின்: மாமா ஒரு கேள்வி. மேடை நடனம் எடுக்கப் போகிறேன். பின்னால் ஒரே இருட்டு, ஆடுகிறவர் மேல் மட்டும் விளக்கு. சும்மா எடுத்தால் முகம் வெளுத்துக் கண் மூக்கு கூடத் தெரியாது. குறைக்கத்தானே வேண்டும்?

வாசு சித்தப்பா: ஆமாம், -1-இலிருந்து -2 வரை போகலாம். ஆடுகிறவர் ஃபிரேமில் சிறியதாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும், நெருங்கி வந்து முகமே ஃபிரேமை நிரப்பிவிட்டால் 0 பக்கம் வந்துவிடலாம். அங்கேதான் தலைவலி. அவர் ஒரு பக்கம் நகர்ந்தாலே கேமரா கணக்கை மாற்றும், ஆனால் அவர் மேல் விழும் விளக்கு மாறியிருக்காது.

கவின்: விளக்கு மாறாது என்றால் ஒரு முறை முகத்துக்குச் சரியாக ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் வைத்துப் பூட்டிவிட்டால் போதுமே?

வாசு சித்தப்பா: போதும். விளக்கு மாறும்போது மட்டும் மாற்று.

கவின்: அதாவது எம் மோடு. முதலிலேயே சொன்னேன்.

வாசு சித்தப்பா: மேடைக்குச் சரி கவின், ஊசியை 0-இல் வைக்காமல் இருந்தால்.