தாத்தாவின் செக்ரோல் நோட்டை என்ன செய்வது?

ஈசூன் வாசகி:
என் தாத்தா மலாயாவில், ஜொகூரின் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்தவர். அம்மாவின் அலமாரியை ஒழிக்கும்போது அவர் எழுதிய 1936ஆம் வருடச் செக்ரோல் நோட்டு, அதாவது தொழிலாளர்களின் வருகை, கூலிக் கணக்கு, கிடைத்தது. பெயர், வேலை நாள், பிடித்தம், அவ்வளவுதான். முனியம்மா என்றே நான்கு பேர். அதில் ஒருவருக்கு நேரே பதினொரு நாள் வெறும் கட்டம். அப்புறம் அரை நாள், அரை நாள். பிள்ளை பெற்றாரா, காய்ச்சலா, தெரியவில்லை.

இப்போது அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பண்ணைக் குறிப்பேட்டைப் படிக்கிறேன். தன் மான்டிசெல்லோ பண்ணையில் அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பெயர், பிறந்த வருடம், யாருக்கு எவ்வளவு துணி, யாருக்குக் கம்பளி என்று கைப்பட எழுதியிருக்கிறார். தாத்தாவின் கையெழுத்துதான் கண்ணில் நிற்கிறது. நோட்டை வீட்டில் வைத்துக்கொள்வது சரியா?

தேக்காக்காரன்:
அக்கா, இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறையே 1910இல் ஒழிந்தது. உங்கள் நோட்டில் இருப்பவர்கள் சம்பளக்காரர்கள். கடனும் கங்காணியும் அவர்களை நெருக்கியது உண்மை. ஆனால் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்க எந்தத் துரைக்கும் உரிமை இல்லை. ஜெஃபர்சன் ஏட்டில் பிறந்த குழந்தையும் சொத்துக் கணக்கு.

பழைய ஏடு:
அவர் சொல்வது சரி. ஆனாலும் நோட்டு அலமாரிக்குள் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் எஜமானர் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் மட்டும். பெரும்பாலானவர்களின் பெயர் 1870 கணக்கெடுப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பாட்டியைத் தேடுபவர்கள் எஜமானர் வீட்டுக் கணக்கையும் உயிலையும்தான் புரட்ட வேண்டும். 1838இல் மேரிலாந்து ஜெசூட் (கத்தோலிக்க இயேசு சபை) பாதிரியார்கள் 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். பெயர்ப் பட்டியல் தப்பியதால் இன்று வாரிசுகள் தங்கள் முன்னோரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள் அக்கா. டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் வேண்டவே வேண்டாம். பிறகு கேனிங் ரைஸில் உள்ள சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

ஈசூன் வாசகி:
நன்றி தம்பிகளே. நேற்றிரவு நாற்பது பக்கம் எடுத்தேன். நான்கு முனியம்மாக்களையும் பிரித்தறிய, பெயருக்குப் பக்கத்தில் தாத்தா பென்சிலால் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) எண் போட்டிருக்கிறார். அந்த அரை நாள் முனியம்மா இரண்டாம் லயம், கடைசி வீடு.