கோயில் ஒலிபெருக்கியைத் தட்டி மாத்தேலாது: பிறகேன் புது மெட்டு வருகுதில்லை?

வட்டுவாகல் காத்து:
வன்னியிலை கோயில் இறுவெட்டுகளுக்கு (சீடி) குறைவில்லை. எட்டோ பத்தோ பாட்டு. முதலாவது பிள்ளையாருக்கு, கடைசி மங்களம், நடுவிலை நாலைஞ்சு எங்கேயோ கேட்ட சினிமா மெட்டின்ரை சாயல். தவிலும் நாதஸ்வரமும் கீபோட்டுக்குள்ளை இருந்து வரும். ஊர்ப் பேரை வெட்டிவிட்டால் எந்த அம்மன் எண்டு கண்டுபிடிக்கேலாது.

இசைத்தொழிலிலை துணிச்சல் போச்சு எண்டு உலகம் முழுக்கப் புலம்பல். கேட்டால் ஸ்பொட்டிஃபை, ரிக்ரொக் எண்டு பாட்டு ஓடுற தளங்களிலை கையை நீட்டீனம். எங்கடை பக்கத்துக்கு அந்தப் பதில் பொருந்தாது. கோயில் இறுவெட்டின்ரை செலவை உபயகாரர் முன்னுக்கே தந்துவிடுறார், விக்காட்டியும் நட்டமில்லை. அது ஓடுறது கோயில் ஒலிபெருக்கியிலை. பிடிக்காட்டியும் ஒருத்தரும் தட்டி மாத்தேலாது. புதுசு செய்து பார்க்க இதைவிட வசதியான இடம் எங்கை கிடக்கு? அங்கைதான் ஒருத்தரும் செய்யிறதில்லை. அப்ப பழி தளங்களிலை இல்லை, எங்களிலை.

சுருதிப்பெட்டி:
அண்ணை, தளங்களை அவ்வளவு இலேசாக விடுதலை செய்யாதீர்கள். ஸ்பொட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு கேட்பு. 2024 தொடக்கம், முந்தைய 12 மாதத்தில் 1000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கு ஒரு சதமும் கிடையாது. யூரியூப்பில் முழு விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும் (குறுங்காணொளிக்கு வேறு கணக்கு).

இந்த அளவுகோலை ஒரு கூத்தின்மேல் வைத்துப் பாருங்கள். முதலில் காப்பு என்ற கடவுள் வாழ்த்து, பிறகு பாத்திரங்களின் வரவு. 30 விநாடியில், வரவைக் கூறும் கட்டியகாரன் ஆடுகளரிக்கே வந்திருக்க மாட்டான். அமெரிக்காவின் முதல் பத்து வரிசைப் பாட்டுகளை 1986 முதல் 2015 வரை அளந்த ஆய்வு ஒன்று உண்டு. தொடக்கத்தில் முன்னிசை சராசரியாக 20 விநாடிக்கு மேல். முடிவில் 5 விநாடி அளவு. 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, ஐம்பது வருடப் பதிவுகளை எடுத்து, சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் வழிகள் குறைகின்றன, ஒலி நிறம் ஒன்றுபோல் ஆகிறது, சத்தம் மட்டும் கூடுகிறது என்று காட்டியது. இப்படிப் பழகிய காதுதான் உபயகாரருக்கும். அவர் இறுவெட்டைக் கோயிலிலா கேட்கிறார்? ரொறன்ரோவில் கைபேசியில் கேட்கிறார். அங்கே தட்டி மாற்ற விரல் உண்டு.

மாங்குளம் சந்தி:
2012 ஆய்வைச் சொல்லிப்போட்டு 2015இலை வந்த ஆய்வை விட்டுட்டியளே தம்பி. அமெரிக்க 'ஹொட் 100' வரிசையில் 1960 முதல் 2010 வரை வந்த ஏறத்தாழ 17,000 பாட்டை எடுத்துப் பார்த்தது அது. எல்லாம் படிப்படியாய் ஒரேமாதிரி ஆகுது எண்டதுக்கு ஆதாரம் இல்லை எண்டுதான் அவையள் சொன்னவை. எண்பதுகளின் நடுவிலை வகை சுருங்கினது, பிறகு திரும்ப விரிஞ்சது. பெரிய திருப்பங்கள் 1964, 1983, 1991. வெள்ளம் வத்தும், வரும்.

எங்கடை தமிழ்ப் பொப் இசைக் காலத்திலை துணிச்சல் இருந்தது எண்டு அதையும் அளவுக்கு மிஞ்சிப் புகழாதேங்கோ. எழுபதுகளிலை இந்தியப் படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. கதவு பூட்டிக் கிடந்ததாலை உள்ளுக்கு இருந்தவை இலங்கைத் துள்ளலிசையான பைலாத் தாளத்திலை தமிழ் பாடிப் பார்த்தினம், சனமும் கேட்டது. 1977க்குப் பிறகு சந்தை திறந்தது. துணிச்சல் கூடிக் குறையேல்லை. போட்டிதான் இல்லாமல் இருந்து பிறகு வந்தது.

தோல்வாத்தியம்:
துணிச்சல் துணிச்சல் எண்டு ஆளின்ரை மனசைப் பற்றியே கதைக்கிறியள். கொம்பியூட்டரிலை பதிவு மென்பொருளைத் திறந்து பாருங்கோ. வேகம் 120, நாலடித் தாளம் எண்டு தானே போட்டு வைச்சிருக்கும். பாதித் தீர்மானம் அதிலேயே முடிஞ்சுது.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்திலை இருந்து ஒரு தருவை (கூத்துப் பாட்டு), மென்பொருள் நேரத்தைச் சமமாய் வெட்டி வைச்சிருக்கிற அந்தக் கட்டத்துக்குள்ளை வைச்சால் என்ன நடக்கும்? தரு தொடங்கின வேகத்திலை முடியாது. ஆட்டம் ஏற மத்தளமும் ஏறும். காதிலை கிளிக் (வேகம் காட்டுற தட்டுச் சத்தம்) போட்டால் கூத்தை நடத்துற அண்ணாவியார் கிளிக்கைத் துரத்துவார், பாட்டு செத்துப்போகும். கிளிக் இல்லாமல் வாசிச்சதைப் பிறகு இழுத்துக் கட்டத்திலை ஒட்டினால், அடி ஒரு இம்மி முந்தி விழுந்து ஆட்டக்காரனைத் தள்ளுற அந்த விசை காணாமல் போயிடும். வேலையைத் தலைகீழாய்ச் செய்ய வேணும். முதல்லை பாட்டு, மத்தளம், தாளம் மூண்டையும் ஒண்டாய் ஒரே மூச்சிலை பதியிறது. பிறகு ஒவ்வொரு ஆவர்த்தனத்தின்ரை (தாளச் சுற்று) முதல் அடியிலும் குறி வைச்சு, மென்பொருளின்ரை கட்டத்தை வாசிப்புக்கு ஏத்தமாதிரி வளைக்கிறது. 5 நிமிசப் பாட்டுக்கு ரெண்டு மூண்டு மணித்தியாலம் அதுக்கே போகும். கீபோட்டும் வயலினும் அதுக்குப் பிறகுதான்.

அடுத்தது சுருதி. கூத்துப் பாடுறவர் தொண்டை நிக்கிற இடத்திலை எடுப்பார், கீபோட்டின்ரை 440 ஹேர்ட்ஸ் சுருதி அவருக்குத் தேவையில்லை. அவர் 30 சென்ற் (நூறு சென்ற் ஒரு அரைச்சுரம்) ஏறி நிண்டால் அவரை இறக்காதேங்கோ. கீபோட்டின்ரை பொதுச் சுருதியை 447.7 ஹேர்ட்ஸுக்கு ஏத்துங்கோ. அதுக்கு அமைப்புப் பக்கத்திலை ஒரு இடம் இருக்கு, அநேகமான பேர் திறந்தே பார்க்கிறதில்லை. சுருதியைத் தானே திருத்துற ஓட்டோரியூனைப் பன்னிரண்டு சுரத்துக்கும் வேகமாய்ப் போட்டால், இழைஞ்சு இறங்குற இடமெல்லாம் படிக்கட்டாகும். அதுக்குப் பிறகு அது கூத்து மெட்டில்லை, கூத்து வேசம் போட்ட சினிமா.

மத்தளத்துக்கு ஒரு மைக் காணாது. வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒண்டு, தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒண்டு, முக்கால் முழமாவது தள்ளி. ரெண்டையும் சேர்க்கேக்கை தொப்பி மெலிஞ்சு கேட்டால் ஒரு மைக்கின்ரை துருவத்தை (போலாரிற்றி) திருப்பிப் பாருங்கோ. பதிவு மட்டத்தின்ரை உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட நிக்கட்டும். தகரக் கூரை வீடெண்டால் மழை நாளிலை பதிவே வேண்டாம். வெயில் நாளிலை மின்விசிறியை நிப்பாட்டி, சுவருக்குச் சாக்கும் பழைய மெத்தையும் கட்டுங்கோ. வெக்கையிலை தோல் இறுகிச் சுருதி ஏறும், மாரியிலை இறங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னம் பார்க்க வேணும்.

கடைசியாய் 'சத்தம் காணாது' எண்டு உச்ச அடியளை அமத்தி முழுச் சத்தத்தையும் ஏத்துவினம். ஸ்பொட்டிஃபை வழமையாய் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் எண்ட சத்த அளவுக்குச் சமப்படுத்தும். நீங்கள் மைனஸ் 8இலை குடுத்தால் அது 6 டெசிபல் இறக்கிப் போடும். சத்தமும் மிஞ்சாது, மத்தளத்தின்ரை அடியும் மிஞ்சாது.

சுருதிப்பெட்டி:
நீங்கள் எழுதியது முழுக்க என் பக்கத்துக்குத்தான் சாட்சி. பாட்டுக்கு 3 மணித்தியாலம் என்றால் பத்துப் பாட்டுக்கு 30. அந்த 30 மணித்தியாலத்துக்கு யார் காசு தருவார்? ஆயத்தத் தாளமும் ஆயத்தத் தவிலும் இருந்தால் ஒரு பாட்டு ஒரு பின்னேரத்தில் முடியும். சந்தை அதற்குத்தான் விலை வைத்திருக்கிறது. தளத்திலிருந்து வரும் சில்லறையை எடுப்பதுகூட இங்கே சுத்துப்பாதைதான். இலங்கையில் பேபாலால் காசு அனுப்பலாம், பெறமுடியாது.

வட்டுவாகல் காத்து:
தம்பி, பழைய மெட்டை எடுக்கிறதுக்கும் விலை இருக்கு. சினிமா மெட்டிலை அம்மன் பாட்டுச் செய்து யூரியூப்பிலை போட்டால், அவையளின்ரை தானியங்கிச் சோதனை பதிவை மட்டுமில்லை, சிலவேளை மெட்டையும் பிடிக்கும். பிடிச்சால் விளம்பரக் காசு மெட்டுக்காரரின்ரை கம்பனிக்கு. எதிர்த்து முறையிட்டால் உரிமை கோரினவருக்குப் பதில் சொல்ல 30 நாள். திருவிழாவே முடிஞ்சிடும். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையிலை பதிப்புரிமை ஆக்கினவரின்ரை ஆயுளும் அதுக்குமேலை 70 வருசமும். பாதுகாப்பான வழி எண்டு எல்லாரும் நினைக்கிறதுதான் வழக்கு வரக்கூடிய வழி.

மாங்குளம் சந்தி:
அப்ப ஊர்க் கூத்து மெட்டு ஓசியோ? கவனம். அதே சட்டத்திலை நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு இருக்கு. வியாபாரத்துக்கு எடுத்தால் அனுமதி பற்றிக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கோ. அண்ணாவியாரின்ரை பேரை உறையிலை போடுங்கோ, அதுக்குச் சட்டம் தேவையில்லை.

வட்டுவாகல் காத்து:
சரி. நான் கேட்கிறது சின்ன விசயம். பத்திலை ஒண்டு. உபயகாரரோடை பேசேக்கையே 'ஒரு பாட்டு எங்கடை விருப்பம், மாதிரி அனுப்பமாட்டம்' எண்டு எழுதி வாங்குங்கோ. தோல்வாத்தியம் சொன்ன 3 மணித்தியாலம் அந்த ஒண்டுக்கு மட்டும்.

சுருதிப்பெட்டி:
எழுதித் தருவார்கள். அதை மங்களத்துக்கு முதல் ஒன்பதாவதாகப் போடுவார்கள். அது வர முன்னமே ஒலிபெருக்கியை நிறுத்திப் பூசை தொடங்கிவிடும்.

தோல்வாத்தியம்:
மூண்டாவதாய்ப் போடுங்கோ. பிள்ளையாரும் ஒரு பழகின மெட்டும் முடிய, சனம் இன்னும் வந்துகொண்டிருக்கிற நேரம். ஒண்டு கவனம்: இப்ப இறுவெட்டு எண்டு பேர்தானே, ஓடுறது பென்ரைவ். கோப்பின்ரை பேருக்கு முன்னாலை 01, 02, 03 எண்டு போடாட்டில் எழுத்து வரிசையிலை ஓடும். சில பெட்டியள் பேரையும் பார்க்காது, நகல் எடுத்த ஒழுங்கிலைதான் எடுக்கும். அதாலை பத்தையும் ஒண்டாய் இழுத்துப் போடாமல், வெறும் பென்ரைவிலை ஒவ்வொண்டாய் வரிசைக்கு நகல் எடுத்து, ஒலிபெருக்கிக்காரரின்ரை பெட்டியிலேயே ஒருக்கா ஓடவிட்டுப் பாருங்கோ.