வரப்புல ஆமை முட்டை, மார்கழிப் பனி தாங்குமா?

வணக்கம். அலங்காநல்லூர் பக்கம் எங்க வயல். ஐப்பசி கடைசியில தண்ணி வடிய வரப்பை வெட்டினப்ப மம்பட்டியில 7 ஆமை முட்டை தட்டுப்பட்டுச்சு. கோலிக்குண்டை விடப் பெருசு, உருண்டை, ஓடு கெட்டி. ஒண்ணு உடைஞ்சு போச்சு, மனசே சரியில்ல. வாய்க்கால்ல திரியிற பால் ஆமையோடதுன்னு நினைக்கிறேன்.

மிச்சம் ஆறையும் புரட்டாம, மேல்பக்கம் பென்சில்ல புள்ளி வச்சு, அதே குழியில மண் மூடிட்டேன். கீரி தோண்டாம கோழிவலை, சுத்தி கல்லு, மழைக்கு மேல தகரம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. வன உயிரினச் சட்டத்துல வர்ற ஆமை. வனத்துறைக்கும் போன்ல சொல்லியிருக்கேன்.

இப்போ கார்த்திகை 20. விடியக்காலைல மண்ணுக்குள்ள தெர்மாமீட்டர் வச்சா 24 டிகிரி காட்டுது. மார்கழியில இன்னும் இறங்கும். தகரத்துக்கு அடியில மண்ணு சொதசொதன்னே இருக்கு. நேத்து மேல்மண்ணை விரலால லேசா ஒதுக்கிப் பார்த்தா ஒரு முட்டையில கறுப்புத் திட்டு.

எங்க அப்பத்தா, "அது பூமிக்குள்ள கிடந்து அடுத்த மழைக்குத்தான் வரும், நோண்டாத"ங்குது.

இந்த ஆமை முட்டையைப் பார்த்து அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க: குளிருக்கு மேல வைக்கோல் பரப்பணுமா, இல்ல தகரத்தையும் எடுத்துட்டு அப்படியே விட்டுறவா?