குளிர்ந்த ஏரியில் மட்டும் கயாக்கின் பின்னறைக்குள் தண்ணீர் புகுகிறது

நண்பர்களுடன் பெரிய ஏரியில் கயாக்கில் சென்று கரையோரம் கூடாரமிட்டுத் தங்கும் குளிர்காலப் பயணங்களில், என் கயாக்கின் பின்புறச் சாமான் அறையில் மட்டும் ஓரிரு லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. தூங்குபை நீர்புகாப் பையில் இருப்பதால் இதுவரை நனையவில்லை. ஆனால் உறைநிலையை ஒட்டிய இரவில் அது நனைந்தால், உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும்.

படகு ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள பாலிஎத்திலீன் வகை. ஸ்கெக் (படகு நேராகச் செல்லப் பின்பக்க அடியிலிருந்து கயிற்றால் இறக்கி ஏற்றும் சிறு தகடு) உண்டு, சுக்கான் இல்லை. பின்னறைக்கு ரப்பர் மூடி. இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவர் நுரைப்பலகையால் ஆனது. கோடையில் இதே சுமையுடன் சென்றபோது ஒரு சொட்டும் இறங்கவில்லை. குளிர்காலத்திலோ அலையே இல்லாத நாளிலும், மதிய வெயிலில் கரையில் கிடந்த படகை நீரில் இறக்கிய சிறிது நேரத்திலேயே பெரும்பகுதித் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. அப்போது மூடியும் உள்நோக்கிக் குழிந்து நிற்கிறது.

மூடியின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். தடுப்புச் சுவரின் ஓரத்துக்குப் புதிதாகப் பசையிட்டேன். கரையில் அறைக்குள் நீர் ஊற்றியும் சோதித்தேன். கசிவு எதுவும் தென்படவில்லை. சுமையைக் குறைக்குமாறு நண்பர்கள் சொல்கிறார்கள், ஆனால் கோடை அனுபவம் அதற்கு எதிராக இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்குக் குளிரும் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு சுருங்கும் என்பதால், அந்த இழுவையே ஸ்கெக் கயிறு நுழையும் இடம் வழியாக நீரை உறிஞ்சுவதாகச் சந்தேகிக்கிறேன்.

அழுத்தத்தைச் சமன்செய்யத் தடுப்புச் சுவரில் ஓர் ஊசித்துளை இட்டால் போதுமா, அல்லது ஸ்கெக் கயிற்றின் குழாயையும் கழற்றி அடைத்தாக வேண்டுமா?