ஒளிவினையூக்கி: குடுவையில் வென்றது கழிவுநீரில் வெல்லுமா?

ஒளிப்பொடி: லிட்டருக்கு 20 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த நீரில், ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைத் தூவி, புற ஊதா விளக்கின் கீழ் கலக்கினோம். ஒரு மணி நேரத்தில் நிறமாலைமானியில் அந்த மருந்தைக் காட்டும் 357 நானோமீட்டர் முகடு படுத்துவிட்டது. ஒளி பட்டால் பொடியில் எலக்ட்ரான் எழும்புகிறது. அது விட்டுப்போன துளை, நீரிலிருந்து எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. அதுவே மருந்தைச் சிதைக்கிறது. இதைப் பயன்படுத்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இன்னும் ஏன் தயக்கம்?

தொட்டிக்காரன்: குடுவையில் இருந்தது வாலை வடிநீர்தானே? ஹைட்ராக்சிலுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. உண்மையான கழிவுநீரில் பைகார்பனேட்டும் கரிமப் பொருளும் மில்லிகிராம் கணக்கில் கிடக்கும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் நானோகிராம், மைக்ரோகிராம்தான். அடி முழுவதும் மற்றவற்றின் மேல் விழும். அப்புறம், முகடு படுத்தால் மருந்து செத்தது என்று பொருளல்ல. உடைந்த துண்டுகளுக்கும் நச்சு இருக்கலாம். துண்டுகளும் அழிந்தனவா என்று காட்டும் மொத்தக் கரிம அளவு எவ்வளவு குறைந்தது?

ஒளிப்பொடி: வடிநீர்தான். கரிம அளவைப் பார்க்கவில்லை. ஆனால் இதை உயிரியல் தொட்டிக்குப் பிறகு வைத்தால் போட்டி குறையுமே. வெயிலும் இலவசம்.

தொட்டிக்காரன்: இலவசமா! டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வகைக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழான ஒளி. வெயிலில் புற ஊதா ஏறக்குறைய 5 சதவீதம்தான். கழிவுநீரோ ராத்திரியிலும் வந்துகொண்டே இருக்கும்.

வடிகட்டி: நடுவில் ஒரு வார்த்தை. அந்த நுண்பொடியை நீரிலிருந்து திரும்பப் பிடிப்பது யார்? கண்ணாடி மணிகளில் ஒட்டவைத்தால் வினை நடக்கும் பரப்பு குறைகிறது. கழிவுநீரிலுள்ள மருந்து போன்ற நுண்மாசுகளை நீக்க 2016-இல் சட்டம் கொண்டுவந்த ஸ்விட்சர்லாந்தின் நிலையங்கள் ஓசோனையும், மாசுகளை உறிஞ்சும் கரித்தூளையும்தான் பெரிதும் நம்புகின்றன.

ஒளிப்பொடி: கரி மருந்தை அழிப்பதில்லை, தன் மேல் சுமந்துகொள்கிறது, புரோமைடு உள்ள நீரில் ஓசோன் புரோமேட் என்ற நச்சை உண்டாக்கும். கார்பன் நைட்ரைடு என்ற இன்னொரு ஒளிவினையூக்கிக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட் போதும், கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலேயே வேலை செய்யும். ஊர்க் கழிவுநீரை விடுங்கள். மருந்துச் செறிவு அதிகமுள்ள ஆலை வாயிலிலேயே வைக்கலாமே?

தொட்டிக்காரன்: ஆலை வாயில் என்றால் பேசலாம். ஆனால் அங்கே உப்பு அதிகம். குளோரைடும் ஹைட்ராக்சிலைத் தின்னும். அது இருக்கட்டும், முதலில் இதைச் சொல்லுங்கள்: இருட்டில் அரை மணி கலக்கிப் பார்த்தீர்களா? பொடியில் ஒட்டிக்கொண்டதையும் அழிந்ததாக எண்ணியிருப்பீர்கள். பொடியே இல்லாமல் விளக்கு மட்டும்?

ஒளிப்பொடி: இருட்டில் கலக்கினோம், அந்த அளவைக் கழித்துவிட்டோம். விளக்கு மட்டும் போட்ட குடுவையும் இருந்தது. அதிலும் முகடு இறங்கியது. அதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன்.