மேலவீட்டுக் குடும்பம்

செல்வி: (படம்) பிள்ளைக்க குளிப்பாட்டுப் பொடிக்கு. இது ஆவாரம்பூதானா? சுனில் முப்பந்தல்ல இருந்து ஒரு பை பறிச்சிட்டு வந்தான். நாளைக்கு காலத்த மில்லுல குடுக்கணும்

பாபு அண்ணன்: மஞ்சளா இருக்கு. அதுதான்

ராஜம் அத்தை: மஞ்சளா இருக்கதெல்லாம் ஆவாரம்னா உனக்க பைக்கும் ஆவாரம்தான்

வாத்தியார் சித்தப்பா: பூவைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பேயாவாரைக்கும் மஞ்சள்தான், 5 இதழ்தான். இலையைப் பாருங்கள். ஆவாரைக்கு ஒரு ஈர்க்கில் 8 முதல் 12 ஜோடி, நுனி மழுங்கல். ஈர்க்கு தண்டில் சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி பச்சையாய் ஒன்று நிற்கும். தாவரப் பெயரே ‘ஆரிகுலேட்டா’, காதுள்ளது என்று பொருள். பேயாவாரைக்கு நாலைந்து ஜோடிதான், நுனி கூர்மை, கசக்கினால் நாற்றம்

சுனில்: சுருக்கமா சித்தப்பா

வாத்தியார் சித்தப்பா: இதுதான் சுருக்கம்

செல்வி: எண்ணிட்டேன். ஒரு கொப்புல 10 ஜோடி, காது இருக்கு. இன்னொண்ணுல 5

ராஜம் அத்தை: கசக்கி மோந்து பாரு

செல்வி: சீ

சுனில்: அங்க காத்து என்னா அடி அடிக்கு! கண்ணெல்லாம் மண்ணு. கைக்குக் கிட்டினத பறிச்சேன்

ராஜம் அத்தை: கரண்டு காத்தாடிக்குக் கீழயா? அது நம்ம விளையாக்கும். அப்பா இருக்கும்போ இடுப்பு ஒயரத்துக்கு ஆவாரம் நிக்கும். வித்தவங்கள்ட்ட கேளு

பாபு அண்ணன்: தொடங்கியாச்சு

வாத்தியார் சித்தப்பா: நீயும் கையெழுத்துப் போட்டாய் அக்கா

ராஜம் அத்தை: வாசிச்சுப் பாத்தா போட்டேன்?

வாத்தியார் சித்தப்பா: விஷயத்துக்கு வருவோம். தெலங்கானாவின் மாநிலப் பூ இதுதான். பட்டையைத் தோல் பதனிட எடுப்பார்கள். சங்கப் பாட்டில் காதலியை அடைய பனைமடல் குதிரையில் மடலேறுகிறவன் சூடுவதும் ஆவிரம்பூதான்

சுனில்: நீங்க சித்திக்காக ஏறினது களியக்காவிளை பஸ்சுல்லா

சித்தி: லேய்

செல்வி: பிரிக்கவா, கொட்டவா? பச்சப்பிள்ளைக்க தோலாக்கும்

ராஜம் அத்தை: இலையோட நிக்கத எண்ணிப் பிரி. உதிந்த பூவ கொட்டிரு

செல்வி: முக்காவாசி உதிந்ததுதான்

பாபு அண்ணன்: வடசேரில நாட்டு மருந்துக் கடைல காஞ்சது வாங்கலாமே

ராஜம் அத்தை: யாரு போவா?

பாபு அண்ணன்: நாளைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு

சுனில்: உனக்கா!!

பாபு அண்ணன்: கூட்டுக்காரனுக்க தங்கச்சிக்கு

ராஜம் அத்தை: அதானே பாத்தேன்

செல்வி: அப்ப வடசேரிக்கு யாரு?

வாத்தியார் சித்தப்பா: மேலும் ஒரு குறிப்பு. ஆவாரை, ஆவிரை இரண்டும் சரியே

ராஜம் அத்தை: செல்வி, பயறு காய வச்சியா?

செல்வி: வச்சேன். மழை வந்துட்டு