டிக் வெல்டிங் மெஷின் வாங்கியாயிற்று: புதுப்பிப்பு

வீட்டுப் பட்டறைக்கு ஏசி, டிசி மின்சாரம் இரண்டும் தரும் டிக் மெஷின் (டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்வில்லால் உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது) வேண்டுமா, டிசி மட்டும் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். டிசி மட்டும் உள்ள 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷினை வாங்கிவிட்டேன். ஏசி முக்கியமாக அலுமினியத்துக்குத்தான் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். மேலே படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைக்கத்தான் ஏசி. நான் பற்றவைப்பதோ எவர்சில்வர் குழாயும் இரும்புச் சட்டமும்; அதற்கு டிசியே போதும்.

ஹெச்எஃப் ஸ்டார்ட் (முனை உலோகத்தைத் தொடாமலே, உயர் அதிர்வெண் பொறியால் தொடங்கும் வசதி) உள்ளதையே எடு என்றவர்களுக்கு நன்றி. தொடங்கும்போது டங்ஸ்டன் முனை ஒட்டுவதேயில்லை.

கணக்கில் விட்டது ஆர்கானை, அதாவது உருகும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் வாயுவை. சிலிண்டர், ரெகுலேட்டர், முன்பணம் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையில் பாதியைத் தொட்டுவிட்டது.

முதல் நாள் பற்றவைத்த இடமெல்லாம் கரி. மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பார்த்தால், தலைக்கு மேல் மின்விசிறி! வாயு முழுவதும் காற்றோடு போயிருக்கிறது. விசிறியை நிறுத்தி, நிமிடத்துக்கு 8 லிட்டர் வைத்ததும் எவர்சில்வரில் வைக்கோல் நிறம் வந்தது; வாயு சரியாக மூடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்குத்தான் வியர்வை ஆறாக ஓடுகிறது.

அடுத்து 1.2 மி.மீ. தகடு. ஓட்டை விழாமல் அதைப் பற்றவைப்பவர்கள் எத்தனை ஆம்பியர் வைக்கிறீர்கள்?